நான்கு துத்தநாகக் குச்சிகள்

பூனா, கேம்ப்
18.8.1997

திரு. சின்னதுரை அவர்களுக்கு,

என் கணவர் பெயருக்கு நீங்கள் எழுதிய கடிதம் நேற்று வந்தது. அதைப் படிக்க அவர் இல்லை. பிப்ரவரி மூன்றாம் தேதி காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாகப்பட்டினம் வரை செய்தி வர வழியில்லை என்பதால் உங்கள் மேல் வருத்தமில்லை.

இன்ஜின் கம்பெனியிலிருந்து ரிட்டயரான பிறகும் படகு இன்ஜின்காரர்களின் கடிதங்களுக்கு அவர் பதில் போட்டுக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். எழுதியது நான் என்பது தெரிந்திருக்காது. அவர் கையெழுத்தை அவராலேயே திருப்பிப் படிக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கார்பன் நகல் எடுத்து ஃபைலில் வைப்பேன். பதினெட்டு வருஷத்து நகல்கள் என்னிடம் இருக்கின்றன. ஆகையால் உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கரையை விட்டு ஒரு மணி நேரத்தில் சூட்டு முள் சிவப்புக்குப் போகிறது என்கிறீர்கள். முதலில் கடல்நீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். பாசியோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கும். அது சுத்தமாக இருந்தால் பம்பைத் திறந்து உள்ளே சுழலும் ரப்பர் இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் புதிது போட வேண்டும். ஒடிந்த துண்டு குழாயில் எங்கே போய் நின்றிருக்கிறது என்று தேடி எடுக்காமல் விடக்கூடாது. சூடாக இருக்கும்போது நல்லதண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தொடவே கூடாது. இதை அவர் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதச் சொல்வார்.

உங்கள் கடிதத்தில் தேதி இல்லை. அடுத்த முறை போடுங்கள்.

இப்படிக்கு,
அபயாம்பாள் சங்கரன்


அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்
9.1.1998

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு சின்னதுரை வணங்கி எழுதுவது.

அம்மா, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்குப் படகு எடுக்கவில்லை. அய்யா ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை கம்பெனி வேலையாக வரும்போது எங்கள் படகுத்துறையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்ஜின் குழிக்குள் இறங்கிவிடுவார். எங்கள் வீட்டு மீன் குழம்பை மட்டும் சாப்பிட மாட்டார், மோர் கேட்பார். என் மச்சினன் விச்சு, என் பெண்சாதிக்குத் தம்பி, என்கூட இன்ஜின் பார்க்கிறவன், அவன் அழுதுவிட்டான். துறையில் எல்லாருக்கும் அவர் பூனா அய்யாதான்.

நீங்கள் சொன்னபடியே சல்லடையில் ஒரு பால் பாக்கெட் கவர் இருந்தது. எடுத்துப்போட்டதும் முள் இறங்கிவிட்டது. உடனே எழுதியிருக்க வேண்டும். அடைமழையில் வீடு ஒழுகி, எழுத உட்கார இடமில்லாமல் போனது. மன்னிக்கவும்.

ஒரு உதவி அம்மா. இன்ஜின் தண்ணீரை ஆறவைக்கிற கூலருக்குள் திருகி வைக்கிற துத்தநாகக் குச்சி இங்கே கிடைக்கவில்லை. கடைக்காரனிடம் கேட்டால் சிரிக்கிறான். அய்யாதான் வரும்போது கொண்டுவருவார். தேய்ந்துபோன பழையது ஒன்றை மாதிரிக்குத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதே அளவில் அங்கே இருந்தால் பார்க்கவும். தேதி போட்டிருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
சின்னதுரை


பூனா
24.2.1998

திரு. சின்னதுரை அவர்களுக்கு,

பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்து நான் திகைத்துப்போனேன். அது குச்சியா? எலி தின்று மிச்சம் வைத்த பிஸ்கெட் மாதிரி இருக்கிறது. இவருடைய தகரப் பெட்டியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய புதுக் குச்சிகள் நான்கு இருந்தன. விரல் நீளம், வெள்ளி மாதிரி. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பொருளை இந்தக் கதிக்கு விடலாமா? உங்களைக் கோபித்துக்கொள்வதாக நினைக்காதீர்கள். கான்வென்டில் எங்கள் மதர், மேஜை டிராயரைத் திறந்து பார்த்தே ஒரு பெண்ணின் குணத்தைச் சொல்லிவிடுவார். நான் அப்படி வளர்ந்தவள்.

இங்கே கண்டோன்மென்டில் ஜூன் மழைக்கு முன்னால் எல்லோரும் இரும்புச் சாமான்களுக்கு ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிப்போம். கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி, ஒன்று விடமாட்டோம். முப்பது வருஷமாக எங்கள் கேட்டில் துரு ஏறியதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்துக்கே இவ்வளவு என்றால் உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும் உலோகத்துக்கு ஒரு பூச்சும் இல்லாமல் விட்டால் அது அரிக்காமல் என்ன செய்யும்?

இர்பான் கடையில் ஒரு சின்ன டப்பா வாங்கினேன். "என்ன மாஜி, இந்த வருஷம் கேட்டுக்கு இவ்வளவு சீக்கிரமா?" என்றான். கேட் இல்லை, நாகப்பட்டினத்தில் ஒரு படகு என்றேன். சிரித்தான். நான்கு குச்சிகளையும் உப்புக் காகிதத்தால் தேய்த்து, இரண்டு பூச்சு அடித்து, பால்கனியில் மூன்று நாள் காயவைத்தேன். முதல் திவசம் இந்த மாதம் முடிந்தது. அன்று அவர் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தேன். மூன்றை இத்துடன் அனுப்புகிறேன். ஒன்று அவர் மேஜையில் இருக்கட்டும்.

இனி அடிக்கடி மாற்றும் வேலை உங்களுக்கு இருக்காது.

அபயாம்பாள் சங்கரன்


அக்கரைப்பேட்டை
12.3.1998

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

குச்சிகள் பத்திரமாக வந்தன. இவ்வளவு அழகாக யாரும் எனக்கு ஒன்றும் அனுப்பியதில்லை. பெண்சாதி சாமி மாடத்தில் ஒரு நாள் வைத்திருந்து அப்புறம்தான் கொடுத்தாள்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இந்தக் குச்சிக்குப் பெயின்ட் வேணுமா அம்மா? இங்கே யாரும் அடித்துப் பார்த்ததில்லை. அய்யா ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று நகலில் ஒரு தரம் பார்க்க முடியுமா? விச்சு, "சுரண்டிட்டு மாட்டுவம் மாமா" என்கிறான். உங்களைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சின்னதுரை


பூனா
21.3.1998

திரு. சின்னதுரை அவர்களுக்கு,

நகல்கள் எல்லாவற்றையும் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். குச்சியைப் பற்றி நாற்பத்தாறு இடத்தில் வருகிறது. எல்லா இடத்திலும் ஒரே வாக்கியம்தான்: "மூன்று மாதத்துக்கு ஒரு முறை குச்சியைக் கழற்றிப் பாருங்கள், பாதி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்." பெயின்ட் அடிக்கக்கூடாது என்று ஓர் இடத்திலும் இல்லை. இருந்தால் அதை எழுதியவளுக்குத் தெரியாதா?

உங்கள் மச்சினரிடம் சொல்லுங்கள், சுரண்ட வேண்டாம். அவர் படத்தின் முன் வைத்து நமஸ்காரம் செய்து எடுத்து அனுப்பிய பொருள். மேலே கத்தியை வைத்தால் எனக்கு மனசு ஆறாது. இன்னொரு முறை இதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

நீங்கள் இப்போது தேதி ஒழுங்காகப் போடுவது திருப்தி.

அபயாம்பாள் சங்கரன்


அக்கரைப்பேட்டை
30.6.1998

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் சொன்னபடி சுரண்டாமல் மாட்டினோம். நேற்று மூன்று மாதக் கணக்குக்குக் கழற்றிப் பார்த்தேன். போட்டது போட்டபடி இருக்கிறது. ஒரு பொட்டு தேயவில்லை. துறையில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். பூனா அய்யா வீட்டுக் குச்சி என்று சொன்னேன்.

முள் கொஞ்சம் மேலே நிற்கிறது. வெயில் காலம், அதனால் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

சின்னதுரை


பூனா
10.7.1998

திரு. சின்னதுரை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் படத்துக்கு முன்னால் உரக்கப் படித்தேன். என் மகள் லீலா, கோந்த்வாவில் இருப்பவள், "அம்மாவுக்கு எழுபது வயசில் எஞ்சினியர் பட்டம்" என்று கேலி செய்தாள். செய்யட்டும். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், இந்தக் கடிதங்களின் அருமை தெரியாது.

அவர் போன பிறகு ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று இருக்கிறது. எண்ணெய், சல்லடை எல்லாம் கவனிக்கவும். முள் ஏன் மேலே நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

அபயாம்பாள் சங்கரன்


பூனா
14.12.1998

திரு. சின்னதுரை அவர்களுக்கு,

செப்டம்பரில் ஒன்று, நவம்பரில் ஒன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. மழைக் காலம் என்று காத்திருந்தேன். இனிக் காத்திருக்க முடியாத காரணம் ஒன்று வந்திருக்கிறது.

இவரிடம் வேலை பழகிய பாலச்சந்திரன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். இப்போது ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் பெரிய வேலை. காபி கொடுத்தேன். மேஜை மேல் இருந்த சிவப்புக் குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாமி, இதுக்கு யாரு பெயின்ட் அடிச்சா?"

"நான்தான். ஏன், நன்னா இல்லையா?"

"ஷோகேசுக்குன்னா நன்னாத்தான் இருக்கு. படகுல யாரும் மாட்டிடலையே?"

மூன்றை நாகப்பட்டினத்துக்கு அனுப்பியதைச் சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். உப்புத் தண்ணீர் எதையாவது தின்றே தீருமாம். கூலரின் குழாய்களைத் தின்னாமல் இருக்கத்தான் இந்தக் குச்சியை அதற்கு இரையாக வைப்பதாம். பெயின்ட் அடித்தால் தண்ணீர் இதைத் தொடாது, குழாய்களைத் தின்ன ஆரம்பிக்கும். "தேயலேன்னா குச்சி வேலை செய்யலேன்னு அர்த்தம் மாமி. எந்த இன்ஜின் டிரைவருக்கும் இது தெரியுமே" என்றார்.

இந்தக் கடிதம் கிடைத்த உடனே அந்தக் குச்சிகளைக் கழற்றுங்கள். தந்தியும் அடித்திருக்கிறேன். படகு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

அபயாம்பாள் சங்கரன்


அக்கரைப்பேட்டை
27.12.1998

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

தந்தியும் வந்தது, கடிதமும் வந்தது. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். மறைக்காமல் எழுதச் சொல்லிவிட்டீர்கள்.

அக்டோபர் நாலாம் தேதி கோடியக்கரைக்குத் தெற்கே வலை விட்டிருந்தோம். முள் சிவப்பில் போய் நின்றது. குழாய் வழியாக வெளியே கடல்தண்ணீர் நன்றாகத்தான் கொட்டிக்கொண்டிருந்தது. நல்லதண்ணீர்த் தொட்டிதான் வற்றியிருந்தது. கூலருக்குள் குழாய்கள் ஊசி ஊசியாக ஓட்டை விழுந்து, நல்ல தண்ணீர் பூராவும் கடலுக்குப் போயிருக்கிறது. அது அப்புறம்தான் தெரிந்தது. இன்ஜினை நிறுத்தினேன். காற்று மணல்திட்டுப் பக்கம் தள்ளியது. விச்சு, "தண்ணி ஊத்துனாத்தான் ஓடும், நேரமில்ல மாமா" என்று சாக்கைப் போட்டு மூடியைத் திருகினான். நான் பின்னால் நங்கூரக் கயிற்றில் இருந்தேன். "தொடாதடா" என்று கத்தினேன். ஆவி மூஞ்சியில் அடித்தது.

சூட்டில் இன்ஜின் தலை விரிசல் விட்டுவிட்டது. நங்கூரம் பிடித்ததால் திட்டில் ஏறவில்லை, ரெண்டு நாள் அங்கேயே மிதந்தோம். காரைக்கால் படகு ஒன்று கட்டி இழுத்து வந்தது. விச்சுக்கு இடது கண் போய்விட்டது. மற்றது தெரிகிறது. முகம் ஆறி வருகிறது.

பழைய இன்ஜின் அம்மா. அதற்குக் காலம் வந்துவிட்டது. உங்கள் மேல் ஒன்றும் இல்லை.

சின்னதுரை


பூனா
6.1.1999

சின்னதுரை,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். இன்ஜினுக்குக் காலம் வந்துவிட்டது என்று எனக்கு ஆறுதல் எழுதாதீர்கள். குழாய் ஏன் ஓட்டையானது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விச்சு அவர்களுக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சுரண்டிவிட்டு மாட்டலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்று எழுதினேன். அந்தக் கடிதத்தின் நகல் என் ஃபைலில் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

இரண்டு கேள்விகள். பாலச்சந்திரன் எந்த டிரைவருக்கும் தெரியும் என்றார். நீங்கள் முப்பது வருஷம் கடலில் இருப்பவர். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் அன்றே, "அம்மா, இது தப்பு" என்று ஏன் எழுதவில்லை?

இரண்டாவது. பூனா அய்யா வீட்டுக் குச்சி என்று துறையில் காட்டினீர்களே. இப்போது துறையில் இவரைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? ஆறுதலுக்காக எதையும் மாற்ற வேண்டாம். எனக்கு மிச்சம் இருப்பது அவர் பெயர் ஒன்றுதான்.

அபயாம்பாள் சங்கரன்


அக்கரைப்பேட்டை
25.1.1999

அம்மா அவர்களுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன்.

தெரியும் அம்மா. அய்யாவே சொல்லியிருக்கிறார். எண்பத்தாறில் இருக்கும், சாயங்காலம் படகு மேல் உட்கார்ந்து தேய்ந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கும் விச்சுக்கும் சொன்னார். "இது கரையத்தாண்டா வெச்சிருக்கு. இது கரைஞ்சாத்தான் இன்ஜின் பொழைக்கும். பெயின்ட் கியின்ட் அடிச்சிடாதீங்க" என்றார். நாங்கள், "யாராச்சும் இதுக்குப் பெயின்ட் அடிப்பாங்களா அய்யா?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டம்மா கண்ணுல படாம வெச்சிருக்கேன். பட்டுதோ, மறுநாளே ரெண்டு கோட்டு அடிச்சு வரிசையா காய வெச்சிடுவா. வேண்டாம்னு யாரு அவகிட்ட போய்ச் சொல்றது? நான் மாட்டேம்ப்பா" என்றார். மூணு பேரும் சிரித்தோம். அய்யா உங்களைக் கேவலமாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னார்.

உங்கள் பார்சலைப் பிரித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. இதை உங்களிடம் எப்படிச் சொல்வேன்? அவர் செத்து ஒரு வருசம் ஆன வீட்டுக்கு, அவர் உங்களைப் பார்த்துச் சிரித்ததை எழுதுவதா? ஒரு தரம் கேட்டுப் பார்த்தேன். இன்னொரு முறை கேட்காதே என்று எழுதிவிட்டீர்கள். சுரண்டிவிட்டு, சுரண்டவில்லை என்று பொய் எழுதியிருக்கலாம். விச்சு அதைத்தான் சொன்னான். படத்துக்கு முன்னால் வைத்தது என்றதால் கை வரவில்லை. அடுத்த குச்சி கிடைக்கும்வரை தாங்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை.

துறையில் பூனா அய்யா சொன்ன புத்தியால்தான் போச்சு என்கிறார்கள். பெயின்ட் அடித்தது நீங்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. விச்சும் சொல்லவில்லை. சொன்னால் பொம்பளை பேச்சைக் கேட்டு இன்ஜினைக் கொன்றான் என்று ஊர் சிரிக்கும், உங்களையும் சேர்த்துச் சிரிப்பார்கள். அய்யா போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்கு வலிக்காது என்று விட்டுவிட்டேன்.

படகை விற்றுவிட்டேன். விச்சுக்குக் கடல் வெளிச்சம் ஆகவில்லை. ஐஸ் உடைக்கப் போகிறான். நான் இன்னொருத்தர் படகில் வலை இழுக்கிறேன். இன்ஜின் பக்கம் போவதில்லை. அதனால் இனி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் கடிதம் வந்தால் என் பெண்சாதி அன்றைக்குச் சாப்பிட மாட்டேன் என்கிறாள். தம்பி அல்லவா. தாங்கள் கோபிக்க வேண்டாம்.

சின்னதுரை


பூனா
8.2.1999

திரு. சின்னதுரை அவர்களுக்கு,

இது என் கடைசிக் கடிதம். உங்கள் மனைவியார் கண்ணில் படாதபடி டீசல் பங்க் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

அவர் அப்படிச் சொல்லியிருப்பார். எனக்கு அவர் குரலே கேட்டது. பதினெட்டு வருஷம் அவர் சொன்னதை எல்லாம் நான்தான் எழுதினேன் என்று இறுமாந்திருந்தேன். எனக்கு எதிரில் உட்கார்ந்து சொல்லத் தயங்கியதை அவர் உங்கள் படகில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். நீங்களும் என்னிடம் சொல்லத் தயங்கினீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட ஒரு இன்ஜினை இழப்பது உங்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. நான் அப்படிப்பட்டவளாக இருந்திருக்கிறேன். லீலாவிடம் கேட்டேன். அவள் இல்லை என்று சொல்லவில்லை.

நீங்கள் எனக்காக அவர் பெயரை விட்டுக்கொடுத்தீர்கள். நல்ல மனதோடு செய்தது. ஆனால் அதை நான் ஏற்க முடியாது. வலிக்காதவர் என்பதற்காக அவர் மேல் போடக்கூடாது. ஊர் சிரிக்கட்டும். பூனாவில் இருப்பவளுக்கு அது கேட்கப் போவதில்லை. உங்களுக்குக் கேட்கும் என்பது தெரியும். அதையும் நினைத்துத்தான் தனித் தாளில் எழுதியிருப்பதை இப்படி எழுதினேன். அதைத் துறையில் எல்லோரும் டீசல் பிடிக்கும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். விச்சு அவர்களுக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் கிழித்துப் போடுங்கள்.

பதில் வேண்டாம்.

அபயாம்பாள் சங்கரன்


(தனித் தாள்)

படகுக்காரர்களுக்கு:

கூலரில் வைக்கும் துத்தநாகக் குச்சிக்குப் பெயின்ட் அடிக்கக்கூடாது. அது தேய வேண்டும். தேயாமல் இருந்தால் உடனே கழற்றிவிட்டு வேறு போட வேண்டும். பாதி தேய்ந்தால் மாற்ற வேண்டும். காலம் சென்ற திரு. சங்கரன் அவர்கள் இந்தத் துறையில் சொன்னது இதுதான்.

சின்னதுரையின் படகுக்குப் பெயின்ட் அடித்த குச்சியை அனுப்பியது நான். அவர் பெயின்ட் வேண்டுமா என்று கேட்டார். விச்சு சுரண்டச் சொன்னார். இருவரும் சொன்னது சரி. நான் கேட்கவில்லை. அதனால் இன்ஜின் போயிற்று, விச்சுவின் இடது கண் போயிற்று.

அபயாம்பாள்,
சங்கரனின் மனைவி